பின்வரிசையில் கேட்ட குரல்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பேய்க் கதை என்றால் நள்ளிரவு வேண்டும், ஆள் இல்லாத ரோடு வேண்டும், எங்கேயாவது ஒரு நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ருசிக்காது. இங்கே அதெல்லாம் கிடையாது. செகந்திராபாத்தில் ஒரு பழைய கல் தேவாலயம். சனிக்கிழமை சாயங்காலம். எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நானூறு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். முப்பது பேருக்கு மேல் மேடையில் நின்று பாடினார்கள். அத்தனை வெளிச்சத்தில், அத்தனை பேருக்கு நடுவில்தான் அது வந்தது.

2009, நவம்பர்.

வசந்தகுமாரிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மூன்று தலைமுறையாக வேலை பார்த்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. அவள் பேகம்பேட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடும் வேலையில் இருந்தாள். கணவன் சுனில் நாகர்கோவில்காரன். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில், மருந்து தயாராகும் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. இருவரையும் சேர்த்து வைத்ததே தேவாலயப் பாடகர் குழுதான். அவள் ஆல்ட்டோ, பெண்களில் தாழ்ந்த குரல். அவன் பாஸ். அடித்தொண்டையில் இருந்து வரும் குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளே சொல்வாள்.

கட்டிக்கொண்ட பிறகு அந்தக் குரலை போனில்தான் அதிகம் கேட்டாள். "வர லேட்டாகும்." "இன்னைக்கு முடியாது கேட்டியா." "நீங்க போயிட்டு வாங்க." மகள் பிரின்ஸியின் ஞானஸ்நானத்துக்கே அவன் பாதியில்தான் வந்து சேர்ந்தான். பள்ளி ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் பவனி, அவளுடைய அப்பாவின் அடக்கம்... எல்லாவற்றிலும் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. கம்பெனி கூப்பிட்டால் ஓடுவான். சட்டையில், மருந்துகளைக் கரைக்கும் சால்வென்ட் வாசனையோடு திரும்பி வருவான். தித்திப்பான, தலையைச் சுற்றவைக்கும் பெயின்ட் வாசனை. எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

அந்த வருடம் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் பிறந்து இருநூறு ஆண்டுகள். குழுவை நடத்திய ஜெயச்சந்திரன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். சென்னைக்காரர். மெண்டல்சனின் பக்திப் பாடல்களை மட்டும் வைத்து ஒரு முழு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. செலவுக்கு யாரைப் பிடிப்பது என்று யோசித்தபோது, சுனில்தான் தன் கம்பெனி எம்.டி.யிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

எம்.டி. உடனே ஒத்துக்கொண்டார். அவர் ஜென்மத்தில் தேவாலயப் பாட்டு கேட்டதில்லை. ஆனால் அவரிடம் மருந்து வாங்க இருந்த ஜெர்மன்காரர்கள் மூன்று பேர் அந்த வாரம் ஹைதராபாத் வருகிறார்கள். திங்கட்கிழமை ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் சனிக்கிழமை அவர்கள் ஊர்ப் பாட்டையே பாடிக் காட்டினால் எப்படி இருக்கும்! அவருக்கு அது போதும்.

நிகழ்ச்சி அன்று காலையில் சுனில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வசந்தகுமாரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குக் கைக்கு போறீங்க? லீவு போட நக்கோவா உங்களுக்கு?" ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'; ஹைதராபாத் உருது கலந்த பேச்சு அவளுடையது.

"திங்கக்கிழமை வெளிநாட்டுக்காரன் வாறான். ரியாக்டர் எல்லாம் கழுவிப் போட்டிருக்கு. ஒருக்கா பாத்துட்டு வந்திடுவேன். மூணு மணிக்கு எறங்கீருவேன் கேட்டியா."

"உங்க மூணு மணி எனக்குத் தெரியும்."

"வசந்தா, நான் இல்லாம அந்தக் கடைசி ஸ்வரத்த யாரு பிடிப்பா? வருவேன்."

"வரலன்னா வீட்டுக்கும் வராதீங்க."

அவன் சிரித்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்ன அந்தக் கடைசி ஸ்வரம் உண்மையிலேயே அவனால்தான் முடியும். நிகழ்ச்சியின் முடிவில் எட்டுக் குரல்களாகப் பிரிந்து பாட வேண்டிய ஒரு சங்கீதம் இருந்தது. வேதாகமத்தின் சங்கீதத்துக்கு இசை அமைத்தது. ஆர்கன் கிடையாது. வெறும் மனிதக் குரல்கள். முடியும் இடத்தில் மற்றவர்கள் ஏறி இறங்க, பாஸ் குரல்கள் பாதாளம் போன்ற ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும். குழுவில் இருந்த நான்கு பாஸ்களில் மூன்று பேருக்கு அது இறங்காது. வாயை மட்டும் அசைப்பார்கள். சுனில் நிற்பான். அவனுக்கும் முழு மூச்சு கிடையாது. பன்னிரண்டு வருட சால்வென்ட் நெஞ்சைக் கொஞ்சம் தின்றிருந்தது. நடுவில் மூக்கால் 'ஹ்க்' என்று ஒரு மூச்சைத் திருடிக்கொள்வான். வேறு யாருக்கும் கேட்காது. முன்வரிசையில் நிற்கும் வசந்தகுமாரிக்குப் பின்னங்கழுத்தில் கேட்கும்.

ஐந்து மணிக்குத் தேவாலயத்துக்கு வந்தாள். அவனுடைய கறுப்புக் கோட்டைப் பிளாஸ்டிக் கவரோடு பாடகர் அறை ஆணியில் மாட்டினாள். போன் போட்டாள்.

மணி அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது.

மறுபடியும் போட்டாள். அடித்து ஓய்ந்தது.

ஆறு மணிக்கு ஜெயச்சந்திரன் வந்து, "சுனில் எங்கம்மா?" என்றார்.

"ஆன் தி வே சார்."

"வரலன்னா கடைசிப் பாட்டை எடுத்துடறேன். அசிங்கப்பட முடியாது."

"வந்துடுவார் சார்."

பொய்தான் சொன்னாள். இவனுக்காக எத்தனை பொய்... எத்தனை பேரிடம்...

ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். எம்.டி. முதல் வரிசையில் ஜெர்மன்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று வசந்தகுமாரி நினைத்தாள். அதோடு மறந்துவிட்டாள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. ஒவ்வொரு கைதட்டலின் போதும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நேர்பின்னால், மேல்படியில், பாஸ் வரிசையின் ஓரத்தில் ஓர் ஆள் இடம் காலி. பக்கத்தில் திருநாவுக்கரசு நின்றான். சேலத்துப் பையன். சாஃப்ட்வேர் வேலை. கிறிஸ்தவன்கூட இல்லை, பாட்டு பிடிக்கும் என்று குழுவில் சேர்ந்தவன். அவன் உதட்டைப் பிதுக்கினான். வரவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. கசந்தது. இனி ஒருநாளும் இந்த மனிதனுக்காகக் காத்திருப்பதில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானம் செய்தாள்.

கடைசிப் பாட்டு. ஜெயச்சந்திரன் பாஸ் வரிசையைப் பார்த்தார். எடுத்துவிடப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் முகம் லேசாக மலர்ந்தது. கையை உயர்த்தினார்.

மேல்ஸ்தாயிப் பெண் குரல்கள் தொடங்கின. ஆல்ட்டோ சேர்ந்தது. டெனர் சேர்ந்தது.

பிறகு பாஸ்.

வசந்தகுமாரியின் முதுகெலும்பில் அந்தக் குரல் வந்து தட்டியது. சுனிலின் குரல். சந்தேகமே இல்லை. வந்துவிட்டான்! கண்ணில் நீர் முட்டியது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. மூன்று மணிக்கு வருகிறேன் என்றவன், கடைசிப் பாட்டுக்கு ஓடி வந்து நிற்கிறான். இருக்கட்டும். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். பாட்டில் கவனம் வைத்தாள்.

அப்போது வாசனை வந்தது.

சால்வென்ட். அவன் சட்டையில் வழக்கமாக வருவது போல இல்லை. டிரம்மைத் திறந்து மூக்குக்குக் கீழே வைத்தது போல... குளிக்காமல், உடை மாற்றாமல் வந்து நிற்கிறானா? பக்கத்தில் இருந்த பெண் பாடிக்கொண்டே முகத்தைச் சுளித்தாள். சொப்ரானோ வரிசையில் யாரோ இருமினார்கள்.

பின்னங்கழுத்து குளிர்ந்தது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தது போல.

அவள் காத்திருந்தாள். நடுவில் அந்த 'ஹ்க்' வரும். வந்தால் நிம்மதி.

வரவில்லை.

குரல் போய்க்கொண்டே இருந்தது. பாட்டுத்தாளில் ஒரு பக்கம் தாண்டியது. இன்னொரு பக்கம் தாண்டியது. மற்றவர்கள் மூச்சு வாங்கினார்கள். அந்தக் குரல் வாங்கவில்லை.

எப்படி?

மூச்சே வாங்காமல்... எப்படி?

முதல் வரிசையில் எம்.டி.யின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு காதில் வைத்தார். சுவர்க் கடிகாரம் ஏழு இருபது.

கேட்டார்.

மெல்லத் தலையை நிமிர்த்தினார். வசந்தகுமாரியைப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தாள். இல்லை. அவள் தோளுக்கு மேலே. பின்னால்.

அவர் வாய் திறந்தது.

போன் கல் தரையில் விழுந்தது. டக்.

எழுந்தார். ஜெர்மன்காரரின் காலை மிதித்துக்கொண்டு... நடுப்பாதையில்... ஏறக்குறைய ஓடினார்.

பாட்டு நிற்கவில்லை.

கடைசி ஸ்வரம் வந்தது. பின்னால் அந்தக் குரல் இறங்கியது. கீழே. இன்னும் கீழே. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல... இரும்பில் மோதி வருவது போல...

ஜெயச்சந்திரன் கையை மூடினார். எல்லாரும் நிறுத்தினார்கள்.

ஒரு குரல் நிற்கவில்லை.

அவர் மறுபடியும் கையை மூடினார்.

ம்ம்ம்ம்...

அவளால் திரும்ப முடியவில்லை.

ம்ம்ம்...

நின்றது.

நானூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். பாட்டே அப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். வசந்தகுமாரி திரும்பினாள்.

மூன்று பேர். ஒரு காலி இடம்.

திருநாவுக்கரசு கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தம் இல்லை.

"எங்க அவரு?"

"இப்பத்தாங்க்கா இருந்தாரு..."

"எப்ப வந்தாரு?"

"தெரியல. பாட்டு தொடங்கறப்போ பாத்தேன், பக்கத்துல நின்னாரு. கோட் போடல. கம்பெனி யூனிஃபார்ம். எல்லாம் ஈரம். தோள் பட்டுச்சுக்கா... ஐஸ்."

பாடகர் அறைக்கு ஓடினாள். கோட் கவருக்குள்ளேயே தொங்கியது. வெளியே ஓடினாள். பார்க்கிங்கில் அவன் பைக் இல்லை. வாட்ச்மேன், யாரும் உள்ளே வரவில்லை என்றான். பிரின்ஸி பூச்செண்டோடு அவளைத் தேடி வந்தாள். பதினொரு வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பெண்.

"டாடி ராலேதா மம்மி?"

"வந்தாரேடி. பின்னாடி நின்னு பாடுனாரே, பாக்கல?"

பிரின்ஸி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "அக்கட எவரூ லேரு மம்மி." அங்கே யாருமே இல்லையாம்.

இரவு பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. விபத்து என்றார்கள். மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். யூனிஃபார்ம் ஈரமாக இருந்தது. அதே வாசனை. மருந்து காய்ச்சும் பெரிய இரும்பு ரியாக்டருக்குள் இறங்கியிருக்கிறான். உள்ளே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் நிரம்பியிருந்தது. வாசனையும் நிறமும் இல்லாத வாயு. மூடியிருக்க வேண்டிய குழாயை யாரும் மூடவில்லை. மருத்துவர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். "ரெண்டு மூச்சு, மூணு மூச்சு. விளக்கை அணைச்ச மாதிரி போயிருப்பார். வலி தெரிஞ்சிருக்காது. எனக்கென்னவோ மத்தியானமே நடந்த மாதிரி தெரியுது." ஆனால் அறிக்கையில் நேரத்தை உறுதியாகச் சொல்ல இயலாது என்றுதான் எழுதினார். யார் அவரிடம் பேசினார்கள் என்று தெரியாது.

வசந்தகுமாரி நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் வழக்குப் போட்டாள். அடுத்த வருடம் விசாரணை வந்தது. கம்பெனி சொன்னதைக் கேளுங்கள். சுனில் மூன்று மணிக்கே வேலை முடித்துக் கிளம்பிவிட்டானாம். தேவாலயத்தில் பாடினானாம். அதன் பிறகு இரவில் அனுமதி இல்லாமல் உள்ளே வந்து, தானாகவே இறங்கியிருக்கிறானாம். மனக்கஷ்டமோ என்னவோ, குடும்பத்தில் சண்டை என்று கேள்வியாம்.

எம்.டி. சாட்சி சொன்னார். "ஏழு இருபதுக்கு அவர் பாடிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்."

அவர் அன்று சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை.

ஜெயச்சந்திரனைக் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றார். திருநாவுக்கரசும் ஆமாம் என்றான். அழுதான். பிரின்ஸியை யாரும் கேட்கவில்லை.

வசந்தகுமாரியின் வக்கீல் சாவித்ரி அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, ஒரே வார்த்தை. 'வரல'ன்னு சொல்லுங்க. மனைவி நீங்க சொன்னா நிக்கும். செத்த ஆள் வந்து பாடினார்னு எந்த ஆபீசர் எழுதுவார்?"

"ஆனா வந்தாரே."

"பொண்ணு இருக்கு உங்களுக்கு."

"ஹவ். ஆமா, இருக்கா."

உள்ளே போனாள். வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்கள். கேள்வி கேட்டார்கள். பதினான்கு வருடக் கல்யாணத்தில் வருகிறேன் என்று சொல்லி அந்த மனிதன் ஒரே ஒருமுறை வந்திருக்கிறான். அதையும் இல்லை என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"வந்தார். பாடினார்."

வழக்கு போயிற்று.

அதன் பிறகும் இரண்டு வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், லாலாகூடா வீட்டுக்கு ஒருவர் வந்தார். யாதகிரி. சுனிலுக்குக் கீழே வேலை பார்த்தவர். கம்பெனியை விட்டு நின்றுவிட்டாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தெலுங்கில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சுனில் மூன்று மணிக்குக் கிளம்பத் தயாராக இருந்தான். உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுப் போ என்றார் சூப்பர்வைசர். இறங்கினான். ஏறவில்லை. சூப்பர்வைசர் எம்.டி.க்குப் போன் போட்டார். ஜெர்மன்காரர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது, நிகழ்ச்சி முடியும் வரை ஒன்றையும் தொடாதே என்று பதில் வந்தது. ஆட்களை வெளியே அனுப்பினார்கள். யாதகிரியை மட்டும் காவலுக்கு வைத்தார்கள். லாக்கருக்குள் சுனிலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏழு மணிக்கு மேல இருக்கும்மா. உள்ள இருந்து சத்தம் வந்துச்சு."

வசந்தகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே சத்தம். கீழ் குரல்ல. நீளமா... நான் கத்தினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. அவரும் கேட்டாரு. எம்.டி.க்குப் போன் போட்டு, பேச வாய் வராம, போனை ரியாக்டர் மூடியில இருந்த ஓட்டை வாயில புடிச்சாரு. நீங்களே கேளுங்க சார்னு."

ஒரு காதில் போன். இன்னொரு காதில் தேவாலயம். இரண்டிலும் அந்த மனிதர் ஒரே குரலைக் கேட்டிருக்கிறார்.

"அப்புறம் திறந்தீங்களா?"

"எம்.டி. வந்து சொன்ன பின்னாலதாம்மா திறந்தோம். அப்ப சத்தம் இல்ல."

அவள் இன்னும் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அது பாட்டா? இல்ல... முனகலா?"

யாதகிரி மேல் துண்டால் கண்ணைத் துடைத்தார். "தெலீதம்மா," என்றார். தெரியாது என்று. போய்விட்டார்.

படித்தவர்கள் வசந்தகுமாரிக்குச் சமாதானம் சொல்வார்கள். பேய் பிசாசெல்லாம் இல்லை, அது மனப்பிரமை, வேறு யாரோ பாடியதை நீங்கள் அப்படி நினைத்திருப்பீர்கள் என்பார்கள். அவளுக்கு ஆத்திரம் பொங்கும். பேய்தான் என்பாள். மத்தியானமே செத்துப்போய்விட்டார், மூன்று மூச்சில் போய்விட்டார், டாக்டர் சொன்னார், செத்த பிறகுதான் வந்து பாடினார் என்பாள். கேட்பவர் தலையாட்டும் வரை விடமாட்டாள்.

அது பேயாகத்தான் இருக்க வேண்டும்.

இல்லையென்றால், ஏழு இருபதுக்கு அந்த இரும்புக்குள் அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.